ஒற்றைச் சொல்லைக் கேட்ட மருத்துவர்: பால் புரோக்கா



இப்படி ஒரு காட்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பக்கவாதம் வந்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஒரு பெரியவர் ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்கப் போகிறோம். அவருக்குப் பேச்சு வரவில்லை. ஏதோ ஒரு ஒலி மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. ஐந்து நிமிடம்கூட ஆகாது, நாம் அவரை விட்டுவிட்டு அவர் மனைவியிடம் பேச ஆரம்பித்துவிடுவோம். சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, நம்மையெல்லாம் அடையாளம் தெரிகிறதா என்று எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே கேட்போம், அவர் அங்கே இல்லாதது போல.

பேச்சு போனால் புத்தியும் போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது தவறு என்பதை 1861ஆம் ஆண்டிலேயே பாரிஸில் ஒரு அறுவை மருத்துவர் ஒரு நோயாளியின் விரல்களைப் பார்த்துக் கண்டுகொண்டார். அவர் பெயர் பால் புரோக்கா. மூளையில் பேச்சுக்கென்று ஓர் இடம் உண்டு என்று பள்ளிப் புத்தகத்தில் உங்கள் பிள்ளைகள் படிக்கிறார்களே, 'புரோக்கா பகுதி', அந்தப் புரோக்காதான். இந்தக் காலாண்டில் அவர் கதையைக் கேளுங்கள்.

சின்ன ஊரிலிருந்து பாரிஸுக்கு

பிரான்ஸின் தென்மேற்கில், போர்தோ நகருக்குக் கிழக்கே, சான்-ஃபுவா-லா-கிராந்த் என்ற சின்ன ஊரில் 1824 ஜூன் 28 அன்று புரோக்கா பிறந்தார். குடும்பம் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா மருத்துவர். பையன் படிப்பில் கெட்டி. பாரிஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது வயது 17.

அறுவை மருத்துவராக வளர்ந்த அவர் ஒரு துறையோடு நிற்கவில்லை. புற்றுநோயை நுண்ணோக்கியில் பார்த்தார், எலும்பு நோய்களை ஆராய்ந்தார், பழங்கால மண்டை ஓடுகளைச் சேகரித்தார். 1857இல் திருமணம். மாமனார் லூகோலும் மருத்துவர்தான். உங்கள் வீட்டில் யாராவது ஆய்வகத்தில் வேலை பார்த்தால் கேட்டுப் பாருங்கள், 'லூகோல் அயோடின்' என்ற கரைசல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அது அந்த மாமனாரின் பெயர்தான்.

1859இல் புரோக்கா சில நண்பர்களோடு பாரிஸ் மானுடவியல் சங்கத்தைத் தொடங்கினார். மனிதனை ஆராயப்போகிறோம் என்று ஒரு கூட்டம் கிளம்பினால் அது எங்கே போய் முடியுமோ, மதத்தையும் அரசையும் கேள்வி கேட்குமோ என்று அரசாங்கத்துக்குப் பயம். கடைசியில் அனுமதி கொடுத்தார்கள், ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருப்பார் என்ற நிபந்தனையோடு. நம் சங்கப் பொதுக்குழுவுக்குக் கோரம் சேர்ப்பதே பெரும்பாடு. புரோக்காவின் கூட்டத்துக்கு அந்த ஒருவர் வருகை மட்டும் நிச்சயம்!

ஐந்நூறு பிராங்க் பந்தயம்

அந்தச் சங்கத்தில் 1861இன் தொடக்கத்தில் ஒரு சண்டை சூடுபிடித்தது. மூளை முழுவதும் ஒன்றாகத்தான் வேலை செய்கிறதா, அல்லது ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு இடம் இருக்கிறதா?

பேச்சு மூளையின் முன்பக்கத்தில்தான் இருக்கிறது என்று பூயோ என்ற மூத்த மருத்துவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். முன்மடல்கள் நன்றாகச் சிதைந்தும் ஒருவருக்குப் பேச்சு போகவில்லை என்று நிரூபித்தால் 500 பிராங்க் தருகிறேன் என்று பந்தயமே கட்டியிருந்தார். அவருடைய மருமகன் ஓபர்த்தான் சங்கக் கூட்டத்தில் அதே கட்சி பேசினார். எதிர்க்கட்சியில் கிராசியோலே போன்ற பெரிய உடற்கூறு அறிஞர்கள். வாதம் வளர்ந்ததே தவிர முடிவு வரவில்லை. இரண்டு பக்கமும் பேச்சு இருந்தது, பேச்சு இழந்த ஒரு மனிதர் கையில் இல்லை.

ஏப்ரல் 11 அன்று அப்படி ஒருவர் புரோக்காவின் அறுவைப் பிரிவுக்குத் தூக்கிவரப்பட்டார்.

'தான்'

இடம், பாரிஸின் தெற்கு ஓரத்தில் உள்ள பிசெத்ர் மருத்துவமனை. நோயாளியின் பெயர் லெபோர்ன், வயது 51. ஆனால் மருத்துவமனையில் யாரும் அவரை அந்தப் பெயரால் அழைக்கவில்லை. எதைக் கேட்டாலும் 'தான், தான்' என்று இரண்டு முறை சொல்வார். அவர் வாயில் வந்தது அந்த ஒரே அசைதான். பிரெஞ்சு ஒலிப்பில் கடைசி எழுத்து மூக்கில் கரைந்துவிடும், இருந்தாலும் நம் காதில் ஏறத்தாழ நம்முடைய 'தான்' போலவே விழும். ஆகவே அவருக்கு 'தான்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

சிறு வயதிலிருந்து வலிப்பு நோய் இருந்தாலும் அவர் உழைத்துப் பிழைத்தவர். செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் மரக்கால் அச்சுகளைச் செய்யும் தொழிலாளி. முப்பது வயதில் பேச்சு நின்றது. மருத்துவமனைக்கு வந்தார். பத்தாண்டுகள் கழித்து வலது கை விழுந்தது. பிறகு வலது காலும் விழுந்து, கடைசி ஏழு ஆண்டுகள் கிட்டத்தட்டப் படுக்கையில்தான். சக நோயாளிகளுக்கு அவரைப் பிடிக்காது. கோபக்காரன் என்றார்கள், சிலர் திருடன் என்றும் சொன்னார்கள்.

அவர் படுக்கைத் துணியை வாரத்துக்கு ஒருமுறைதான் மாற்றுவார்கள். வலது காலில் புண் சீழ் பிடித்துப் பாதத்திலிருந்து தொடைவரை பரவிய பிறகுதான் யாரோ பார்த்தார்கள். ஏழெட்டு நாளாக அந்த மனிதர் வலியில் 'தான், தான்' என்றிருப்பார். எப்போதும் சொல்வதுதானே என்று விட்டிருப்பார்கள்.

காலைப் பார்க்க வந்த அறுவை மருத்துவர், நோயாளியிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். இந்த மருத்துவமனைக்கு வந்து எத்தனை ஆண்டு ஆகிறது? லெபோர்ன் இடது கையை விரித்து மூடினார். நான்கு முறை விரித்தார். பிறகு ஒரு விரலை மட்டும் நீட்டினார். நாலைந்து இருபது, கூட ஒன்று. இருபத்தொன்று. பதிவேட்டில் பார்த்தால் சரியாக 21 ஆண்டுகள்!

புரோக்கா பிறகு இன்னொரு முறை அதே கேள்வியைக் கேட்டார். அதே பதில். மூன்றாம் முறை கேட்டபோது லெபோர்னுக்குப் புரிந்துவிட்டது, இந்த டாக்டர் நம்மைச் சோதித்துப் பார்க்கிறார் என்று. கோபத்தில் தெளிவாக ஒரு வசைச் சொல்லை உதிர்த்தார். புரோக்கா அவரிடமிருந்து 'தான்' தவிர வேறு சொல்லைக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

யோசித்துப் பாருங்கள். கணக்கு இருக்கிறது, காலம் தெரிகிறது, தன்னைக் கிண்டுகிறார்கள் என்று உணரும் தன்மானமும் இருக்கிறது. சொல் மட்டும்தான் இல்லை. நாக்கும் உதடும் அசைகின்றன, குரல் வருகிறது, காது கேட்கிறது. 21 ஆண்டுகள் அந்தக் கட்டிலைக் கடந்து போனவர்கள் எத்தனையோ பேர். அவரிடம் கேட்டு, பதிலைச் சரிபார்த்தவர் இவர்.

முட்டை அளவு பள்ளம்

ஏப்ரல் 17 அன்று லெபோர்ன் இறந்தார். புரோக்கா உடலைப் பரிசோதித்தார். அடுத்த நாளே மூளையைச் சங்கத்தின் முன் கொண்டுபோய் வைத்தார். இடது முன்மடலில், கீழிருந்த ஒரு மடிப்பில், கோழி முட்டை கொள்ளும் அளவுக்கு ஒரு பள்ளம்.

சில மாதங்களில் இன்னொரு நோயாளி வந்தார். பெயர் லெலோங், வயது 84, மண் வெட்டும் தொழிலாளி. இவருக்கு எஞ்சியவை ஐந்தே சொற்கள்: ஆம், இல்லை, எப்போதும், தன் பெயர் பாதி, பிறகு 'மூன்று' என்ற எண். அதுவும் 'த்ருவா' என்ற பிரெஞ்சுச் சொல் 'துவா' என்றுதான் வரும். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் வாய் 'துவா' என்றது, கை நான்கு விரல் காட்டியது. ஆண் எத்தனை? 'துவா', இரண்டு விரல். பெண் எத்தனை? 'துவா', மறுபடி இரண்டு விரல். வாய் பொய் சொன்னது, விரல் உண்மை சொன்னது. இவர் இறந்தபோதும் மூளையில் ஏறத்தாழ அதே இடத்தில்தான் சேதம்.

1863க்குள் புரோக்கா இப்படி எட்டுப் பேரைப் பார்த்துவிட்டார். எட்டுப் பேருக்கும் சேதம் இடது பக்கம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும் மூளையின் இரு பாதிகளும் ஒரே வேலை செய்வதில்லை என்பது யாரும் எதிர்பாராதது. 1865இல் பேச்சு இடப்பக்க மூளையின் வேலை என்று அவர் வெளிப்படையாக எழுதினார். தெற்கு பிரான்ஸில் மார்க் தாக்ஸ் என்ற மருத்துவர் 1836லேயே இதை எழுதிவைத்திருந்தார் என்று அவர் மகன் வாதாடினார், யார் முந்தி என்ற தகராறு இன்றும் முழுதாகத் தீரவில்லை. இந்த நிலைக்குப் புரோக்கா ஒரு பெயர் வைத்தார். வேறொரு மருத்துவர் அதை மாற்றினார். அந்த மாற்றிய பெயர்தான் நிலைத்தது. உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'அஃபேசியா' என்று இருப்பது அதுதான்.

அவர் கேட்காத இடம்

பெரியவர்களைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுதிவிட்டு நகர்வது எளிது. புரோக்கா விஷயத்தில் அது நியாயமாகாது.

மண்டை ஓட்டை அளந்தும் மூளையை நிறுத்தும் மனிதர்களை மேல், கீழ் என்று வரிசைப்படுத்தலாம் என்று அவர் நம்பினார். வெள்ளையர் மேலே, மற்றவர் கீழே. ஆண் மேலே, பெண் கீழே. பாரிஸ் மருத்துவமனைகளில் ஆண்களின் மூளை சராசரி 1325 கிராம், பெண்களின் மூளை 1144 கிராம் என்று கணக்கெடுத்தார். உடல் சிறிதானால் மூளையும் சிறிதாகும் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் பெண்ணுக்கு அறிவு குறைவு என்பதை முன்பே முடிவு செய்துவிட்டதால், அந்த வித்தியாசத்தில் எவ்வளவு உடல் அளவால் வந்தது என்று கணக்கிட்டுப் பார்க்கவில்லை. 1981இல் ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க அறிஞர் இந்தக் கணக்குகளைப் பிரித்து மேய்ந்து ஒரு புத்தகம் எழுதினார். எண்கள் பெரும்பாலும் சரி, அவற்றிலிருந்து எடுத்த முடிவுதான் முன்கூட்டியே எழுதப்பட்டது என்று காட்டினார்.

லெபோர்னின் கட்டிலருகே கேள்வியோடு போன மனிதர், மண்டை ஓடுகளிடம் பதிலோடு போனார். ஒரே ஆள்தான். நமக்கும் இது நடக்கும் என்பதால்தான் சொல்கிறேன்.

1880இல் அவர் ஆயுட்கால செனட்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில், 56 வயதில் காலமானார். ஈஃபிள் கோபுரத்தைச் சுற்றிப் பொறிக்கப்பட்ட 72 பெயர்களில் அவர் பெயரும் உண்டு. பலருடைய மூளையைக் குப்பியில் இட்டுவைத்தவரின் மூளையும் பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில் குப்பிக்குள் போனது. அதைப் பார்த்த கார்ல் சேகன் தன் கட்டுரைத் தொகுப்பு ஒன்றுக்கு அந்த மூளையையே பெயராக வைத்தார்.

வெட்டாமல் வைத்த மூளை

ஆனால் கதை அவர் மரணத்தோடு முடியவில்லை. லெபோர்னின் மூளையைப் புரோக்கா வெட்டிப் பார்க்கவில்லை. அதுதான் அந்தக் காலத்தின் வழக்கமான முறை. வெட்டினால் உள்ளே எவ்வளவு ஆழம் சேதம் என்று அன்றே தெரிந்திருக்கும், ஆனால் பிறருக்குக் காட்ட எதுவும் மிஞ்சியிருக்காது. பின்னால் வருபவர்கள் பார்க்கட்டும் என்று அதை முழுதாகச் சாராயத்தில் இட்டு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். லெலோங்கின் மூளையும் அப்படியே.

சேதம் உள்ளே இறங்கியிருக்கிறது என்று அவருக்கே தெரியும். ஆழத்துச் சேதம் கை காலை முடக்கியது, மேற்பரப்புச் சேதம் பேச்சைப் பறித்தது என்று அவர் பிரித்துக்கொண்டார். 1906இல் பியேர் மாரி என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை நேருக்கு நேர் மறுத்தார். புரோக்கா சொன்ன மடிப்புக்குப் பேச்சில் தனிப் பங்கே கிடையாது, ஆழத்தில் உள்ள பகுதியைப் பாருங்கள் என்றார். அவர் ஒரேயடியாக மறுகோடிக்குப் போய்விட்டார், ஆனால் கைகாட்டிய திசையில் விஷயம் இருந்தது.

2007இல் நீனா டிராங்கர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் பிரெஞ்சு மருத்துவர்களோடு சேர்ந்து அந்த இரண்டு மூளைகளையும் எம்ஆர்ஐ ஸ்கேனில் வைத்தார். ஏறத்தாழ 146 ஆண்டுகள் கழித்து, மூளையை வெட்டாமலேயே உள்ளே பார்க்க முடிந்தது. இரண்டிலும் சேதம் மேற்பரப்போடு நிற்கவில்லை. மூளையின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கும் நீண்ட நரம்பிழைக் கட்டு இரண்டிலும் சேதப்பட்டிருந்தது. லெபோர்னுக்கு அதோடு பேசல் கேங்லியா என்ற ஆழத்து நரம்புத் திரள்களும் சிதைந்திருந்தன. இன்று நாம் புரோக்கா பகுதி என்று குறிக்கும் இடமும் அன்று அவர் பார்த்த சேதமும் அச்சு அசலாகப் பொருந்தவில்லை.

அந்த ஆழத்துக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரு வாக்கியம் பேச உதடு, நாக்கு, தாடை, குரல்வளை, மார்பு என ஏறத்தாழ 100 தசைகள் நொடிக்குள் ஒன்றையொன்று முந்தாமல் அசைய வேண்டும். மூளையின் மேற்பரப்பு தனியாக இதை நடத்துவதில்லை. அது ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியாவுக்கும், தலாமஸ் என்ற சந்திப்புக்கும் செய்தி அனுப்பி, பதில் வாங்கி, வளையமாக வேலை செய்கிறது. எந்த அசைவைத் தொடங்குவது, எதைத் தடுப்பது, எவ்வளவு வேகம், எவ்வளவு சத்தம் என்பதில் ஆழத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பார்க்கின்சன் நோய் வந்தவர்கள் குரல் மெலிந்து, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பேசுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அது இந்த ஆழத்துக் கோளாறுதான்.

அந்த நோய்க்காக மூளைக்குள் மெல்லிய மின்கம்பி வைக்கும் அறுவை சிகிச்சையில் பல நேரம் நோயாளி விழித்திருப்பார். அவர் சம்மதத்தோடு, அப்போது அவரைச் சில சொற்கள் வாசிக்கச் சொல்லி, ஆழத்து நரம்பணுக்கள் என்ன செய்கின்றன என்று இன்றைய ஆய்வாளர்கள் பதிவு செய்கிறார்கள். வாய் திறப்பதற்குச் சற்று முன்பே அங்கே சலனம் தொடங்குவது தெரிகிறது. லெபோர்ன் இறந்த பிறகுதான் புரோக்காவால் பார்க்க முடிந்ததை, இவர்கள் ஆள் பேசும்போதே பார்க்கிறார்கள்.

தன் முடிவைத் திருத்தக்கூடிய சான்றைத் தானே பத்திரப்படுத்தி வைத்துவிட்டுப் போனவர் புரோக்கா. அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நமக்கு என்ன?

முதலில் அவசரமானது. ஒருவருக்குத் திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது அல்லது சம்பந்தமில்லாமல் வருகிறது என்றால், படுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஸ்கேன் எடுக்கவும் நேரம் வேண்டும், ஆகவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். லிஃப்ட் அருகே வண்டிகளை நிறுத்தாதீர்கள் என்று சங்கம் கெஞ்சுவது ஸ்ட்ரெச்சர் வரும் இந்த நாளுக்காகத்தான்.

அடுத்தது நிதானமானது. பேச்சிழந்தவர் வீட்டுக்குப் போனால் அவரைப் பார்த்துப் பேசுங்கள். டிவியை நிறுத்தச் சொல்லுங்கள். காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டு, வேண்டும் என்றால் தலையசைக்கவோ கைகாட்டவோ நேரம் கொடுங்கள். ஒரு கேள்வி முடிந்து பதில் வரும்வரை அடுத்ததைக் கேட்காதீர்கள். சிலருக்குப் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதிலும் சிரமம் இருக்கலாம், அவர்களிடம் இன்னும் சுருக்கமாக, நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். தண்ணீர் என்று சொல்ல வராதவர் முருகா என்று சொல்லக்கூடும், பழகிய பாட்டின் அடியைப் பாடிவிடக்கூடும். நடிக்கிறார் என்று நினைக்காதீர்கள். பழகித் தேய்ந்த சொற்களும் பாட்டும் வேறு வழியில் வருகின்றன. பேச்சுப் பயிற்சியாளரிடம் சீக்கிரம் அழைத்துப் போகச் சொல்லுங்கள், மாதங்கள் கழித்தும் முன்னேற்றம் வருவதுண்டு.

எதுவும் தோன்றவில்லை என்றால், இந்த வீட்டுக்குக் குடிவந்து எத்தனை வருஷம் ஆச்சு என்று அவரிடமே கேளுங்கள். கேட்டுவிட்டு அவர் கையைப் பாருங்கள்.